சர்வர் மூடிக் கிடந்த தடைக்காலம்

என்னை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அலுவலகத்தில் எனக்கு அப்படித்தான் பேர். வம்புதும்புக்குப் போகாதவன், யாரைப் பற்றியும் ஒரு சொல் தப்பாகப் பேசாதவன், வாயைத் திறக்காதவன். வாயைத் திறக்காததுதானே ஐயா நான் செய்ததிலேயே பெரிய அயோக்கியத்தனம்! அதுவும் எதை முன்னிட்டு? ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை முன்னிட்டு. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. நான் காரைக்காலில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடற்கரைக் குப்பத்தில். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே தவறிவிட்டார். அம்மாவையும் என்னையும் தாய்மாமாதான் பார்த்துக்கொண்டார், என் கல்லூரிப் படிப்பு உட்பட. மாமா கோபக்காரர். அவர் தெருமுனையில் செருமினால் நான் வீட்டுக்குள் நோட்டைத் திறந்துவிடுவேன். அவருடைய மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எட்டாவதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விசைப்படகில் ஏறிவிட்டான். மச்சான், மச்சான் என்று அவன் பின்னாலேயே திரிந்தவன் நான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நெட் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், அதில் இரண்டு எப்போதும் ரிப்பேர். அங்கேதான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. நெட்டில் விளையாடுவது. ஆளாளுக்கு ஒரு வீரனை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அவனுக்குக் கவசம், வாள், குதிரை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எங்கள் பையன்கள் அதை 'ஆள் வளர்ப்பது' என்பார்கள். "ஆளு சாப்ட்டானா?" என்று ஒருவனை ஒருவன் கேட்பது மாட்டைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ இல்லை, இந்த வீரனைப் பற்றித்தான். கடலில் பத்து ஆள் உயரத்துக்கு அலை எழும்பினாலும் அசராத என் மச்சான், முதல் தடவை அவன் குதிரை செத்தபோது கண் கலங்கினான். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இந்த விளையாட்டில் சேர இங்கிலீஷில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் குப்பத்துப் பையன்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தனுக்கும் ஈமெயில் கிடையாது. அதனால் என் வகுப்புத் தோழன் ஒருவனை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். போலகம் அவன் ஊர். அப்பா வயல் கூலி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவன் விரல் ஓடுவது தெரியாது. எங்கள் கூட்டத்தில் அவனுக்குப் பேரே போலகத்தான் ஆகிவிட்டது. பன்னிரண்டு பேருக்கும் அவன்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். படிவத்தில் ஒரு ரகசியக் கேள்வியும் அதற்குப் பதிலும் கேட்டிருந்தது. "இதுல என்னண்ணே போடட்டும்?" என்று மச்சானைக் கேட்டான். "எதையாவது போட்டு உட்றா, எங்களுக்கு வாளு வந்தாப் போதும்" என்றான் மச்சான். என்ன போட்டான் என்று ஒருத்தரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விசைப்படகு கடலுக்குப் போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அதுவரை ஆளை யார் வளர்ப்பது? படகில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் இடத்தில் இன்னொருத்தன் போவான், வேலையைச் செய்துவிட்டுப் பங்கு வாங்கிக்கொள்வான். எங்கள் பையன்கள் அதையே இங்கேயும் கொண்டுவந்தார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பன்னிரண்டு பேருடைய பாஸ்வேர்டையும் வரிசையாக எழுதிப் போலகத்தான் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கடலில் இருக்கும்போது கல்லூரி விட்டு வந்து இவன் உட்கார்ந்து அவர்கள் ஆட்களை வளர்ப்பான். படகு கரைக்கு வந்ததும் இவனுக்கு ஒரு பை மீன். கோலாவோ சங்கராவோ, அன்றைக்கு வந்ததில் ஒரு பங்கு. கடலையே மிதிக்காதவனுக்குக் கடல் பங்கு கிடைத்தது இவன் ஒருவனுக்குத்தான் என்று கிண்டல் செய்வோம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் பஸ்ஸில் ஏற, கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்த, இவன் சிரித்துக்கொண்டே பின்படிக்கட்டில் நிற்பான்.

அந்த வருடம் ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. நாற்பத்தைந்து நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மற்ற வருடங்களில் அந்த நாட்களில் சீட்டாட்டமும் சண்டையுமாக இருக்கும். அந்த வருடம் பன்னிரண்டு பேரும் நெட் சென்டரிலேயே குடியிருக்கத் தயாராக இருந்தார்கள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் படகைக் கரையேற்ற நாள் குறித்திருந்தார்கள். மாமா அதுவரை அடுத்தவர் படகில் போனவர். அது அவருடைய முதல் சொந்தப் படகு. கரையேற்றிப் பழுது பார்த்து வர்ணம் அடிக்க வேண்டும். விடியற்காலையில் தண்ணீர் ஏறும் நேரத்தில் சொந்தக்கார ஆண்பிள்ளை அத்தனை பேரும் படகை இழுக்கிற வடத்தில் கை வைக்க வேண்டும். வராதவன் உறவில்லை என்று அர்த்தம். வெளியூரில் இருந்துகூட வருவார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் போலகத்தானுக்குக் கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் இன்டர்வியூ. படித்துக்கொண்டே செய்யலாம் என்ற வேலை. அவனுக்கு எல்லாம் தெரியும், இங்கிலீஷில் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "கூட மட்டும் வாடா. வாசல்ல நின்னாப் போதும்" என்றான். அவன் அப்படி எதையும் கேட்டதே இல்லை. எப்படி மறுப்பது? சனிக்கிழமை சாயங்காலமே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்து, காய்ச்சல் என்று மச்சானிடம் சொல்லி அனுப்பினேன். அம்மாவிடம் மட்டும் ஒரு பரீட்சை இருக்கிறது, மாமாவிடம் சொல்லிவிடாதே என்று இன்னொரு பொய். விடிவதற்கு முன் பஸ் ஏறினோம். என்னுடைய நீலச் சட்டையை அவனுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தேன்.

பஸ்ஸில் அவனிடம் சொன்னேன்: "நான் வந்தது யாருக்கும் தெரியக்கூடாதுடா. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்ருவாரு. படகுல கை வைக்க வராம ஊரு சுத்தப் போனான்னா, படிச்ச திமிருன்னு சொல்லிப் படிப்பையே நிறுத்திடுவாரு."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?" என்றான் அவன். "நீ வந்ததே பெருசு."

அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் என் கண்ணைவிட்டு விலகவில்லை. ஆபீசுக்குள் போன அந்த அரைமணி நேரம்கூடக் கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஊருக்குத் திரும்பினோம். அவன் அப்படியே போலகம் பஸ் ஏறிவிட்டான்.

நான் போர்வைக்குள் புகுந்துகொண்ட கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தான். காய்ச்சலைப் பார்க்க வரவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாப்ள, எல்லாம் போச்சுடா" என்றான். "நேத்து ராத்திரி சென்டர் மூடுறப்பக்கூட என் ஆளு முழுசா நின்னான். இன்னிக்கு மத்தியானம் தொறந்து பாக்குறேன், கோவணத்தோட நிக்கிறான். வாளு இல்ல, கவசம் இல்ல, குதிர இல்ல. எனக்கு மட்டும் இல்ல, அத்தன பேருக்கும்."

மறுநாள் திங்கட்கிழமை விளையாட்டே திறக்கவில்லை. பாஸ்வேர்டு போடும் பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. சென்டர்க்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். சில கணக்குகளில் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி வேறு ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை சேவையை நிறுத்தி வைக்கிறோம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டு இல்லை என்று தெரிந்தும் பன்னிரண்டு பேரும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நாலு வரிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்ப்பார்கள். ஒருத்தன் மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமம் பூசினான். ஒருத்தன் ஒரு ரூபாய் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசி, இந்தியில் ஒரு பாட்டு ஓடுவதைக் கேட்டுவிட்டு, லைனில் இருந்தது பாட்டு என்று தெரிந்தும் பச்சை பச்சையாகத் திட்டினான். இன்னொருத்தன் சாப்பிடவே இல்லை. அவன் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "என்னாதான் களவு போச்சு? போலீசுல சொன்னா என்ன?" என்று கேட்டாள். குதிரை என்று நான் எப்படிச் சொல்வது?

"கடலும் மூடிக் கெடக்கு, கேமும் மூடிக் கெடக்கு. மனுசன் எங்கதான் போறது?" என்று மச்சான் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். வேடிக்கையாகத்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒருத்தன் கேட்டான்: "பாஸ்வேர்ட போட்டுத்தான் நொழஞ்சிருக்கானாம். நம்ம பாஸ்வேர்டு வேற யாருக்குடா தெரியும்?"

எல்லோருக்கும் போலகத்தானிடம் இருந்த நோட்டு ஞாபகம் வந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான்தானே கூட்டிக்கொண்டு வந்தவன். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று மட்டும் முணுமுணுத்தேன். அதை யார் காதில் வாங்கினார்கள்? விளையாட்டை நாடு பூரா விளையாடுகிறார்கள், இந்தத் திருட்டு நமக்கு மட்டும் நடந்ததா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காரைக்காலில் வேறு எந்தச் சென்டரிலும் அந்த விளையாட்டு இல்லை. எங்களுக்குத் தெரிந்த உலகமே அந்த எட்டு கம்ப்யூட்டர்தான்.

புதன்கிழமை மத்தியானம் போலகத்தானைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். நீ கூப்பிட்டால் வருவான் என்றார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, போலகம் பஸ்ஸிலிருந்து இறங்கியவனைக் கூப்பிட்டேன். என்ன விஷயம் என்று அவனிடம் சொல்லவில்லை. சைக்கிள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எப்ப தொறப்பாங்களாம்டா? அண்ணன்லாம் பாவம், வருசம் பூரா காத்துக்கெடந்தாங்க" என்று பேசிக்கொண்டே வந்தான். என் நீலச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பையை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன்.

கரையேற்றிய படகின் நிழலில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மணலில் ஒரு வெற்றிலை, அதன்மேல் ஒரு கட்டிக் கற்பூரம். எங்கள் குப்பத்தில் வலை காணாமல் போனாலும் மீன் கூடை காணாமல் போனாலும் அதுதான் வழக்கம். சந்தேகப்பட்டவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்ற பயம். இல்லாத வாளுக்கும் இல்லாத குதிரைக்கும் கற்பூரம் வாங்கி வைத்த ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

கற்பூரத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஞாயித்துக்கெழம நீ எங்கடா இருந்த?" என்று மச்சான் கேட்டான்.

"கும்பகோணம் போயிருந்தேண்ணே. இன்டர்வியூ."

"கும்பகோணத்துல நெட் சென்டர் இல்லையா? அங்க உக்காந்து எடுத்திருக்கலாம்ல?"

"இல்லண்ணே. நான் போகவே இல்ல. இது கம்பெனிக்காரன் சர்வர்ல எவனோ பூந்துருக்கான். நமக்கு மட்டும் போயிருக்காது."

"கதையெல்லாம் வேணாம். கும்பகோணத்துல ஒன் கூட யாரு இருந்தா? ஆளச் சொல்லு. ஒரு ஆளு வந்து இவன் என்கூடத்தான் இருந்தான்னு சொல்லட்டும், நாங்க எந்திரிச்சிப் போயிட்டே இருக்கோம்."

அவன் என்னைப் பார்த்தான்.

எவ்வளவு நேரம் பார்த்தான் என்று என்னால் சொல்ல முடியாது. படகின் மறுபக்கத்தில் மாமா அடிப்பலகையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் அவர் காதில் விழும். காய்ச்சல் பொய், பரீட்சை பொய், வடத்தில் கை வைக்காமல் ஓடியது எல்லாம் விழும். சட்டைப் பை என் சைக்கிளில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். 'என்கூடத்தான் இருந்தான்.' மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் குனிந்து மணலில் கிடந்த ஒரு கயிற்றுத் துண்டைப் பார்த்தேன்.

"யாரும் இல்லண்ணே" என்றான் அவன். "தனியாத்தான் போனேன்."

"அப்ப அணை."

"அணைக்க மாட்டேண்ணே. எங்கப்பாவ ஒரு தடவ களத்துல நெல்லக் காணோம்னு கற்பூரம் அணைக்கச் சொன்னாங்க. அணைச்சாரு. அப்புறமும் அவரத் திருடன்னுதான் கூப்புட்டாங்க. நீங்க இப்பவே சொல்லிக்கங்க."

அடிக்கவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள், அடிக்கவில்லை என்று. சென்டர் பக்கம் இனிமேல் தலையைக் காட்டக்கூடாது என்றார்கள். அவன் கொண்டுவந்திருந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருத்தன் அவன் முதுகுக்குப் பின்னால் காறித் துப்பினான். அவன் மணலில் கால் புதையப் புதைய ரோட்டை நோக்கி நடந்தான். கூட்டிக்கொண்டு வந்தவன் நான். திரும்பக் கொண்டுபோய் விடக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சந்தேகம் என்மேல் வரும் என்று பயம். என்ன பிழைப்பு இது, சீ!

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். படகுக்கு வர்ணம் அடித்து முடியட்டும், மாமா மனம் குளிர்ந்திருக்கும் என்று அடுத்த வாரம் நினைத்தேன். கல்லூரி திறந்ததும் அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அதற்கடுத்த வாரம். இப்படியே தடைக்காலம் முடிந்தது. படகுகள் கடலுக்குப் போயின. முதல் மீன் வந்த அன்றைக்குத்தான் சென்டர்க்கார அண்ணன் ஆள் அனுப்பினார், விளையாட்டு திறந்துவிட்டது என்று.

ஓடினோம். திரையில் நீளமாக ஒரு அறிவிப்பு. இந்தத் தடவை நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியிலிருந்து யாரோ கம்பெனியின் சர்வருக்குள் புகுந்து, நாடு முழுக்க விளையாடுகிற எல்லோருடைய பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது கம்பெனியின் தவறு, மன்னிக்கவும். பொருட்கள் எல்லாம் அந்தச் சனிக்கிழமை இரவு இருந்தபடியே திருப்பித் தரப்படும்.

சனிக்கிழமை இரவு! விசில் பறந்தது. ஒருத்தன் நாற்காலியில் ஏறி ஆடினான். எலுமிச்சம்பழம் வைத்தவன் சாமிதான் காப்பாற்றியது என்றான். ஆட்டம் அடங்கிய பிறகு ஒருத்தன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப போலகத்தான் எடுக்கலையாடா?"

"சரி உடு, வந்தா நாலு மீனு சேத்துக் குடுத்துருவோம்" என்றான் மச்சான்.

பிறகுதான் அறிவிப்பின் கடைசி வரியைப் படித்தேன். பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்து. உள்ளே போக வேண்டுமானால் கணக்குத் தொடங்கும்போது கொடுத்த ரகசியக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். பன்னிரண்டு கணக்குக்கும் பதில் போட்டவன் ஒருத்தன்தான்.

மறுபடியும் என்னைத்தான் அனுப்பினார்கள். இரண்டு வஞ்சிரம், ஒரு கிலோ இறால், வாழை இலையில் சுற்றி. மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வா, முடியாவிட்டால் பதிலையாவது எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். காலை பதினொரு மணி பஸ்ஸில் போலகம் போனேன். அவன் வீட்டு வாசலில் அவன் அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வாப்பா. நீதான அந்த மீனு குடுத்து உடுற புள்ள? அவன் எப்பவும் ஒன்னயப் பத்தித்தான் பேசுவான்" என்றார். அவன் எங்கே என்று கேட்டேன்.

"போயி ஒரு மாசமாச்சே, ஒனக்குத் தெரியாதா? திருப்பூருன்னு சொன்னான். ஒரு கடுதாசி இல்ல, போனு இல்ல. ஒங்க ஊருலேருந்து யாரோ வந்து டீக்கடையில சொல்லிட்டுப் போயிட்டாங்க, ஒன் மவன் திருடிட்டான்னு. அவுங்கப்பாவுக்கு அந்தச் சொல்லு ஆவாது. எங்கடா இருந்தங்குறாரு. கும்பகோணங்குறான். கூட யாருடான்னா, யாருமில்லங்குறான். ராவும் பகலும் கேட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. எனக்கிருக்குற பேரு பத்தாதுன்னு நீயுமாடான்னு கழுத்தப் புடிச்சித் தள்ளிட்டாரு." கோடாலியைக் கீழே வைத்தார். "நீ சொல்லுப்பா. எம்புள்ள எடுத்தானா?"

"இல்லம்மா. எல்லாம் திரும்ப வந்துருச்சு. கம்பெனியில நடந்த தப்பு."

"அப்ப அன்னிக்கி கூட ஒருத்தருமே இல்லாமயா போனான்?"

பெற்ற தகப்பனிடம்கூட அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான் இருந்தேம்மா" என்றேன். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என்கூடத்தான் இருந்தான்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதச் சொல்ல இம்மாம் நாளாப்பா ஆச்சு?" என்றார். அவ்வளவுதான். மீன் பொட்டலத்தை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. ஒரு ஆண் குரல், "யாரு, அந்தப் புள்ளயா?" என்றது. அப்புறம் அந்தக் குரல் அழ ஆரம்பித்தது. நான் ஓடி வந்துவிட்டேன்.

சென்டருக்குத் திரும்பியபோது பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஆள் இல்லை, திருப்பூர் போய்விட்டான் என்றேன். "போறவன் பதில எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாம்ல? இப்ப நாம என்ன பண்றது?" என்று ஒருத்தன் சலித்துக்கொண்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே கத்தினேன். காய்ச்சல் பொய் என்றேன். கும்பகோணத்துக்கு அவனோடு போனவன் நான்தான் என்றேன். மாமாவுக்குப் பயந்துதான் சொல்லவில்லை, வேண்டுமானால் இப்போதே போய் மாமாவிடம் சொல்லுங்கள், என்னை வெட்டிப் போடட்டும் என்றேன்.

மச்சான் என்னைத் தனியாகப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தான். கண்ணைத் துடைத்துவிட்டான்.

"காய்ச்சல் பொய்யின்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றான். "ஐஸ் கம்பெனிக்காரரு திருநள்ளாறுல ஒன்னய பஸ் ஜன்னல்ல பாத்துட்டு வந்து அப்பாகிட்ட சொன்னாரு. அப்பா சிரிச்சாரு. கோயிலுக்குப் போயிருப்பான், சனி புடிச்ச பய, போயிட்டு வரட்டும், எவனும் அவனக் கேக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. நீ அவன்கூடத்தான் போனேன்னு எனக்கு என்னடா தெரியும்?"

"ஏன் மச்சான் என்னய ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ கூசிப் போயிருவியேன்னுதான்" என்றான்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். போலகத்தான் தன் வீட்டை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய ரகசியம், எங்கள் வீட்டில் மாமா சிரித்துவிட்டு மறந்துபோன ஒரு விஷயம். அப்படிக் காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அதற்கப்புறம் திருப்பூருக்கு ஐந்து தடவை போய்விட்டேன். பனியன் கம்பெனி வாசல்களில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறேன். அவன் கிடைக்கவில்லை. கிடைத்தால் இதை எப்படி அவனிடம் சொல்வேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.